யான் ஹுஸ்: லூதருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த குரல்

சீர்திருத்தக் கிறித்தவத்தின் வரலாறு நம் பாடப்புத்தகங்களில் 1517-இல் தொடங்குகிறது. விட்டன்பர்க் நகரம், மார்ட்டின் லூதர், 95 கருத்துரைகள் என்று படித்திருப்போம். லூதர் பேசியவற்றில் பலவற்றை அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிராக் நகரத்தில் ஒரு பாதிரியார் பேசினார். அதற்காக 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் யான் ஹுஸ். தமிழ்ச் சபை நூல்களில் ஜான் ஹஸ் என்ற பெயரில் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

பாவமன்னிப்புச் சீட்டை எதிர்த்ததால் கொல்லப்பட்டார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அது பாதி உண்மைதான். அவருடைய கடைசி வாரங்களில், தன் கருத்துகளைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சும் என்ற நிலை இருந்தது. ஒப்புக்கொள்ளச் சொல்லி அவரைக் கெஞ்சாதவர்கள் குறைவு. அவர் ஏன் மறுத்தார் என்பது விளங்கினால் ஹுஸ் விளங்கிவிடுவார். அங்கே போவதற்கு முன் அவர் காலத்துத் திருச்சபையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று போப்புகள் இருந்த காலம்

இன்றைய செக் குடியரசின் பெரும்பகுதி அப்போது பொஹீமியா என்ற அரசு. பிராக் அதன் தலைநகரம். 1348-இல் பேரரசர் நான்காம் சார்லஸ் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினார். பொஹீமியாவின் தென்பகுதியில் ஹுசினெட்ஸ் என்ற ஊரில், 1370-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எளிய குடும்பம் ஒன்றில் பிறந்த ஹுஸ் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1396-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1400-இல் குருப்பட்டம் பெற்றார். வசதியான வாழ்க்கையும் நல்ல உடையும் கிடைக்கும் என்ற ஆசையில்தான் குருவாக விரும்பியதாகப் பின்னாளில் அவரே மனம் வருந்தி எழுதினார். சதுரங்கத்தில் பொழுதை வீணாக்கியதையும், ஆட்டத்தில் கோபப்பட்டதையும்கூட ஒரு மாணவனுக்கு எழுதிய கடிதத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். பீடத்தில் ஏற்றி வணங்கப்படும் வீரரைவிட இந்த மனிதர் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார்.

அன்றைய திருச்சபை வெறும் வழிபாட்டு அமைப்பாக இருக்கவில்லை. அது நிலக்கிழார், நீதிமன்றம், வரி வாங்கும் அதிகாரம் எல்லாமாக இருந்தது. பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. பணம் கொடுத்துப் பதவியை வாங்கியவர், போட்ட முதலை மக்களிடமிருந்துதான் எடுப்பார். போதாக்குறைக்கு, 1378 முதல் ரோமில் ஒரு போப்பும், பிரான்ஸ் பக்கம் அவிஞோனில் ஒரு போப்பும் இருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் சபைநீக்கம் செய்துகொண்டார்கள். இதைத் தீர்க்க 1409-இல் பீசா நகரில் கூடியவர்கள் இருவரையும் விலக்கிவிட்டதாக அறிவித்துப் புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பழையவர்கள் இருவரும் இறங்க மறுத்ததால் போப்புகள் மூவரானார்கள்.

ஒரு சாதாரண விசுவாசியின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். திருச்சபையின் தலைவருக்குக் கீழ்ப்படிந்தால்தான் மீட்பு என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. யாருக்குக் கீழ்ப்படிவது? இந்தக் கேள்வியை ஹுஸ் கண்டுபிடிக்கவில்லை. அது அன்று ஐரோப்பா முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

பெத்லகேம் ஆலயம்

1402-இல் ஹுஸ் பிராக் நகரின் பெத்லகேம் ஆலயத்துக்குப் போதகராக அமர்த்தப்பட்டார். அவருடைய வாழ்க்கை திரும்பியது இங்கேதான். 1391-இல் தொடங்கப்பட்ட அந்த ஆலயத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று: மக்களுடைய செக் மொழியில் பிரசங்கம். திருப்பலி இலத்தீனில் நடந்த காலம் அது. அகன்ற கூடம், நடுவே பிரசங்க மேடை, சுமார் மூவாயிரம் பேர் நிற்க இடம். சுவர்களில் ஓவியங்களும் பாடல் வரிகளும் தீட்டப்பட்டிருந்தன. ஒரு பக்கம் சிலுவை சுமந்து நடக்கும் கிறிஸ்து, எதிர்ப்பக்கம் குதிரையில் பவனி வரும் போப் என்று எதிரும் புதிருமாக வைத்த படங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

கைவினைஞர்கள், வேலைக்காரப் பெண்கள், மாணவர்கள், அரசவையினர் என எல்லோரும் அங்கே வந்தார்கள். அரசி சோஃபியாவும் வந்து கேட்டார். ஹுஸ் தன் சக குருக்களின் பேராசையையும் ஒழுக்கக்கேட்டையும் பெயர் சொல்லாமல், ஆனால் ஊருக்கே விளங்கும்படி கண்டித்தார். செக் எழுத்துகளின் மேல் புள்ளியும் கோடும் இட்டு ஒலிகளை வேறுபடுத்தும் முறையை வகுத்த சிறு நூல் ஒன்றும் அவருடையது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு, ஒரு சிறு குறி எழுத்தின் ஒலியையே மாற்றிவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்றைய செக் மொழியின் எழுத்துக் குறிகள் அந்த நூலின் வழியில் வந்தவையே.

அவருடைய சிந்தனையின் பெரிய ஊற்று இங்கிலாந்தில் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் விக்ளிஃப் வேதாகமமே இறுதி அளவுகோல் என்று எழுதியவர். 1382-இல் பொஹீமிய இளவரசி ஆன் இங்கிலாந்து அரசனை மணந்தபின் இரு நாடுகளுக்கும் இடையே போக்குவரத்து பெருகியது. விக்ளிஃபின் நூல்கள் மாணவர்களின் பைகளில் பிராக் வந்து சேர்ந்தன. 1410-இல் பேராயர் ஸ்பினெக் அவற்றைத் திரட்டி எரித்தார்.

இதற்கு நடுவே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1409-இல் அரசன் வென்ஸெஸ்லாஸ் பல்கலைக்கழக வாக்குமுறையை மாற்றிச் செக் தரப்புக்கு மூன்று வாக்குகளும் மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாக்கும் கொடுத்தான். ஜெர்மானிய ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டமாக வெளியேறி, லைப்ஸிக் நகரில் புதிய பல்கலைக்கழகம் உருவாகக் காரணமானார்கள். ஹுஸ் அந்த மாற்றத்தை ஆதரித்தார். அதன்பின் அவரே துணைவேந்தர் பதவிக்கு நிகரான ரெக்டர் ஆனார். வெளியேறியவர்களின் கசப்பு பின்னால் அவருக்கு எதிரான சாட்சியங்களில் வெளிப்பட்டது. ஹுஸ்ஸின் கதையில் சமயம் மட்டுமே இருந்தது என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்வை விட்டுவிடுகிறார்கள்.

பாவமன்னிப்புச் சீட்டு என்றால் என்ன?

தொடக்க வாசகர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. அன்றைய திருச்சபைப் போதனைப்படி, பாவத்தை அறிக்கையிட்டு மனம் வருந்தினால் குற்றம் மன்னிக்கப்படும். ஆனால் பாவத்துக்குரிய தண்டனையில் ஒரு பகுதி மிச்சமிருக்கும். அதை இங்கே தவத்தாலோ, இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் துன்புற்றோ கழிக்க வேண்டும். அந்த மிச்சத் தண்டனையைக் குறைக்கத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். செபம், புனிதப் பயணம், தர்மம் ஆகியவற்றைச் செய்தவர்களுக்கு அந்தச் சலுகை வழங்கப்பட்டது. தர்மம் என்பது காலப்போக்கில் பணம் என்று சுருங்கியது. வாங்கியவர்கள் இந்த நுட்பங்களை எல்லாம் பார்க்கவில்லை. காசு கொடுத்தால் பாவம் போய்விடும் என்றே புரிந்துகொண்டார்கள். விற்றவர்களும் அந்தத் தவறான புரிதலைக் கலைக்க மெனக்கெடவில்லை.

பீசா வழியில் வந்த போப் இருபத்துமூன்றாம் ஜான் (இன்று கத்தோலிக்கத் திருச்சபை இவரைப் போட்டிப் போப்பாகவே கணக்கிடுகிறது) நேப்பிள்ஸ் அரசனுக்கு எதிராகச் சிலுவைப்போர் அறிவித்தார். அதற்குப் பணம் திரட்ட 1412-இல் பிராகில் சீட்டு விற்பனை தொடங்கியது. கிறித்தவன் கிறித்தவனைக் கொல்வதற்கான போருக்கு மீட்பை விலையாக வைப்பதா என்று ஹுஸ் வெளிப்படையாக எதிர்த்தார். வருவாயில் அரசனுக்கும் பங்கு இருந்ததால், அதுவரை அவரைக் காத்துவந்த அரச ஆதரவு நழுவியது.

அந்த ஜூலை மாதம் மூன்று இளைஞர்கள் நகரின் ஆலயங்களிலேயே எழுந்து நின்று, இந்தச் சீட்டுகள் ஏமாற்று என்று உரக்கச் சொன்னார்கள். அவர்களுக்காக ஹுஸ் நகர மன்றத்திடம் பரிந்து பேசினார். பயனில்லை. மூவரும் தலை வெட்டப்பட்டனர். மக்கள் அவர்களின் உடல்களைப் பாடலோடு பெத்லகேம் ஆலயத்துக்குக் கொண்டுவந்து இரத்தசாட்சிகளாக அடக்கம் செய்தார்கள்.

அடுத்து, ஹுஸ் தங்கியிருக்கும் வரை பிராகில் திருவழிபாடுகள் நடக்கக் கூடாது என்ற தடை வந்தது. ஒருவரைப் பணியவைக்க ஊரையே பட்டினி போடும் முறை இது. உணவுக்குப் பதில், ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் மறுக்கப்பட்டன. மக்கள் தன்னால் துன்பப்படக் கூடாது என்று 1412 அக்டோபரில் ஹுஸ் நகரைவிட்டு வெளியேறினார். போகும்முன் அவர் செய்த ஒரு செயல் அன்றைய சட்ட அறிஞர்களைத் திகைக்க வைத்தது. போப்பின் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக, எல்லா நீதிபதிகளுக்கும் மேலான இயேசு கிறிஸ்துவிடம் மேல்முறையீடு செய்வதாக எழுதி அறிவித்தார். திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை. சட்டம் தெரியாமல் அவர் அதைச் செய்யவில்லை. மனிதத் தீர்ப்புக்கு மேலே இன்னொரு தீர்ப்பு உண்டு என்பதைச் சட்டத்தின் மொழியிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் தென்பொஹீமியக் கோட்டைகளில் கழிந்தன. வயல்வெளியிலும் மரத்தடியிலும் விவசாயிகளுக்குப் பிரசங்கம் செய்தார். 1413-இல் ‘திருச்சபையைப் பற்றி’ என்ற இலத்தீன் நூலை முடித்தார். அதன் சாரம் இது: உண்மையான திருச்சபை என்பது கடவுளால் தேர்ந்துகொள்ளப்பட்டவர்களின் கூட்டம்; அதன் தலைவர் கிறிஸ்து. பதவியில் இருப்பதாலேயே ஒரு போப்போ கர்தினாலோ அதில் உறுப்பினர் ஆகிவிட மாட்டார். கிறிஸ்துவைப்போல் வாழாத போப், இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுருவின் வாரிசு ஆக முடியாது. இந்த வரிகளே அவருக்கு எதிரான வழக்கின் முதுகெலும்பாயின.

கான்ஸ்டன்ஸ்

மூன்று போப்புகள் சிக்கலைத் தீர்க்க 1414-இல், இன்றைய ஜெர்மனியின் தென்கோடியில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியது. வென்ஸெஸ்லாஸின் தம்பி முறையான சிகிஸ்மண்ட் அதைக் கூட்டுவித்த அரசன். ஹுஸ் வந்து விளக்கம் அளிக்கலாம், வழியில் பாதுகாப்புக்குத் தான் பொறுப்பு என்று உறுதிக்கடிதம் தந்தான். அக்டோபரில் புறப்பட்ட ஹுஸ் நவம்பர் 3 அன்று கான்ஸ்டன்ஸ் சேர்ந்து, ஒரு விதவையின் வீட்டில் தங்கினார். அதே மாதம் 28-ஆம் தேதி கைது செய்யப்பட்டார். ஏரிக்கரையில் இருந்த டொமினிக்கன் துறவியர் மடத்தில், கழிவுக்குழியை ஒட்டிய அறையில் அடைத்தார்கள். அங்கே காய்ச்சலில் சாகும் நிலைக்கே போனார். பிறகு கோட்லீபன் கோட்டையில் விலங்கிட்டு வைத்தார்கள்.

சிகிஸ்மண்ட் முதலில் சினந்தான், பிறகு அடங்கிவிட்டான். சமய எதிரி ஒருவரை விசாரிக்கும் திருச்சபையின் உரிமைக்கு அரசனின் வாக்குறுதி தடையாகாது என்று சங்கத்தினர் அவனுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவனுக்கும் சங்கம் கலையாமல் இருப்பது முக்கியமாக இருந்தது. வாக்குக் கொடுத்துக் கைவிட்டான் என்ற பழியைப் பொஹீமியர்கள் அவனுக்கு ஒருநாளும் மன்னிக்கவில்லை. இதற்கிடையே, சீட்டு விற்ற போப் இருபத்துமூன்றாம் ஜானையே அந்தச் சங்கம் 1415 மே மாதம் பதவி நீக்கியது. ஹுஸ் கிடந்த கோட்லீபன் கோட்டையில் அவரும் அடைக்கப்பட்டார். ஹுஸ் எந்த மனிதரைக் கண்டித்ததற்காகச் சிறையில் இருந்தாரோ, அந்த மனிதரைச் சங்கமே குற்றவாளி என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஹுஸ்ஸுக்கு விடுதலை இல்லை. போப்பைச் சங்கம் கண்டிக்கலாம். ஒரு தனிக் குரு கண்டிக்கக் கூடாது.

ஜூன் 5, 7, 8 ஆகிய நாட்களில் விசாரணை நடந்தது. வேதாகமத்தைக் கொண்டு தன் தவற்றைக் காட்டினால் திருத்திக்கொள்கிறேன் என்பதே ஹுஸ்ஸின் நிலை. சங்கத்தின் நிலை வேறு. விவாதத்துக்கு இடமில்லை; சங்கம் சொன்னால் ஏற்க வேண்டும். அவர் மீதான குற்றச்சாட்டுகள் இரண்டு வகை. தன் நூலில் எழுதியவை ஒரு வகை. அவற்றை அவர் விளக்கினார், நியாயப்படுத்தினார். மற்றொரு வகை, அவர் ஒருபோதும் சொல்லாதவை. நற்கருணை அப்பம் அப்பமாகவே எஞ்சுகிறது என்ற விக்ளிஃபின் கருத்தை அவர் போதித்ததாகச் சொன்னார்கள். இந்த விஷயத்தில் ஹுஸ் விக்ளிஃபைப் பின்பற்றவே இல்லை. திருப்பலியில் அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்ற கத்தோலிக்கப் போதனையையே ஏற்றிருந்தார். தன்னைக் கடவுளின் நான்காவது ஆளாகச் சொல்லிக்கொண்டார் என்றுகூட ஒரு குற்றச்சாட்டு படிக்கப்பட்டது. சாட்சியின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார். சொல்லவில்லை.

இங்கேதான் அவர் மறுப்பின் வேர் இருக்கிறது. ஒரு கருத்தைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்வது, அதை முன்பு கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்வது. கொண்டிராத ஒன்றைக் கைவிடுவதாகச் சொன்னால் அது கடவுள் முன் பொய்ச்சத்தியம். அதோடு, தன் பேச்சைக் கேட்டு நம்பிய ஆயிரக்கணக்கான எளிய மக்களின் மனசாட்சியையும் அது குலைத்துவிடும். கர்தினால் சபரெல்லா போன்றவர்கள் வாசகத்தை மென்மையாக்கித் தந்தார்கள். ஹுஸ் அசையவில்லை. சங்கம் உனக்கு ஒரு கண்தான் என்று சொன்னால், இரண்டு கண் இருந்தாலும் ஆமாம் என்று ஒப்புக்கொள்வதே உன் கடமை என்று ஓர் அறிஞர் அவரிடம் வாதிட்டதை ஹுஸ் தன் கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். உலகமே திரண்டு வந்து சொன்னாலும், அறிவு உள்ளவரை மனசாட்சிக்கு விரோதமாக அப்படிச் சொல்ல முடியாது என்பது அவர் பதில். பிற்காலத்தில் ஐரோப்பா மனசாட்சிச் சுதந்திரம் என்று பேசியதற்கெல்லாம் ஒரு முன்னோடி இந்த உரையாடல் என்று நான் நினைக்கிறேன்.

ஜூலை 6 அன்று நடந்ததை, அவரோடு சென்றிருந்த பீட்டர் என்ற செக் இளைஞர் நேரில் பார்த்து எழுதி வைத்தார். தலைமை ஆலயத்தில் ஹுஸ்ஸுக்குத் திருப்பலி உடைகள் முழுவதும் உடுத்தி, கையில் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பறித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாபம். தலையில் குருவின் அடையாளமான மழிப்பைக் கலைக்கும்போது, கத்தரிக்கோலால் வெட்டுவதா, சவரக்கத்தியால் மழிப்பதா என்று ஆயர்கள் தங்களுக்குள் வாதிட்டார்கள். மூன்று பிசாசுகள் வரைந்த, சமயத் துரோகிகளின் தலைவன் என்று எழுதிய உயரமான காகிதக் கிரீடத்தைச் சூட்டினார்கள். ஊருக்கு வெளியே கம்பத்தில் கட்டி, கழுத்தில் சங்கிலி பிணைத்து, தாடை வரை விறகும் வைக்கோலும் அடுக்கினார்கள். கடைசியாக ஒருமுறை கேட்டார்கள், மறுத்தார். பாடிக்கொண்டே இறந்தார். யாரும் நினைவுச்சின்னமாக எடுத்துச் செல்லக் கூடாதென்று உடையையும் சேர்த்து எரித்து, சாம்பலை ரைன் ஆற்றில் கொட்டினார்கள்.

சாகும்போது, இன்று ஒரு வாத்தை எரிக்கிறீர்கள், நூறு ஆண்டுகளில் ஓர் அன்னம் வரும் என்று லூதரைக் குறித்து அவர் தீர்க்கதரிசனம் சொன்னதாகப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள் (ஹுஸ் என்ற பெயர் செக் மொழியில் வாத்தை நினைவூட்டும்). நேரில் கண்டவரின் குறிப்பில் அது இல்லை. பின்னாளில் லூதர் காலத்தில் வடிவம் பெற்ற கதை அது.

அதன் பிறகு

சங்கம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது. 1415 செப்டம்பரில் பொஹீமிய, மொராவியப் பிரபுக்கள் 452 பேர் முத்திரையிட்டுக் கண்டனக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஹுஸ்ஸின் நண்பர் யெரோமும் அதே நகரில் எரிக்கப்பட்டார். பொஹீமியாவில் கிண்ணம் கிளர்ச்சியின் சின்னமானது. அதுவரை நற்கருணையில் திராட்சை இரசம் குருவுக்கு மட்டும். மக்களுக்கு அப்பம் மட்டும். எல்லோருக்கும் இரண்டும் வேண்டும் என்று பிராகில் தொடங்கிய வழக்கத்தை ஹுஸ் சிறையிலிருந்து ஆமோதித்திருந்தார். பாதிரியாருக்கும் பாமரருக்கும் இடையே இருந்த சுவரை அந்தக் கிண்ணம் கண்முன் உடைத்தது.

1419-இல் பிராக் நகர மன்ற உறுப்பினர்களைக் கூட்டத்தினர் சன்னலிலிருந்து வீசியெறிய, போர் வெடித்தது. ஹுஸ்ஸியர்களுக்கு எதிராக ஐந்து சிலுவைப்போர்கள் தொடுக்கப்பட்டன. கண் தெரியாத தளபதி யான் ஜிஷ்காவின் விவசாயப் படை, வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து அரணாக்கி வீரப்பிரபுக்களைத் துரத்தியது. அந்தப் படையினர் மடங்களை எரித்தார்கள், துறவிகளைக் கொன்றார்கள் என்பதும் உண்மை. தவறு செய்தவனைக் கொல்லக் கூடாது என்று வாதிட்ட ஒருவரின் பெயரால் அது நடந்தது வேதனைக்குரியது. கடைசியில் 1436-இல் உடன்பாடு ஏற்பட்டு, பொஹீமிய மக்களுக்குக் கிண்ணம் கிடைத்தது.

வாளை வெறுத்த ஒரு சிறு கூட்டம் 1457-இல் குன்வால்ட் கிராமத்தில் தனிச்சபையாகத் திரண்டது. சகோதரர் ஐக்கியம் என்று பெயர். லூதர் பிறப்பதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிய இந்தச் சபை இன்றும் மொராவியச் சபையாக வாழ்கிறது. கல்வியாளர் கொமேனியஸ் அதன் ஆயராக இருந்தவர்.

லூதருக்கு ஹுஸ் வந்து சேர்ந்த விதமும் சுவையானது. 1519-இல் லைப்ஸிகில் நடந்த விவாதத்தில் எதிராளி யோஹான் எக், நீ பேசுவது ஹுஸ்ஸின் பேச்சு என்று குற்றம் சாட்டினார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசை கிடையாது. பிராகை விட்டு வெளியேறியவர்கள் வளர்த்த பல்கலைக்கழகம் அது. ஹுஸ்ஸின் கருத்துகளில் பல உண்மையிலேயே கிறித்தவமானவை என்று லூதர் அவையிலேயே சொன்னார். ஹுஸ்ஸின் நூலைப் படித்தபின், தெரியாமலே நாம் அனைவரும் ஹுஸ்ஸியர்களாக இருந்திருக்கிறோம் என்று 1520-இல் நண்பருக்கு எழுதினார். புராட்டஸ்டண்ட் என்ற பெயரே 1529-இல்தான் பிறந்தது. ஆகவே ஹுஸ்ஸை முதல் புராட்டஸ்டண்ட் என்று அழைப்பதைவிட, கத்தோலிக்கராகவே வாழ்ந்து அந்த வழியைத் திறந்துவிட்டவர் என்பதே பொருத்தம்.

1999 டிசம்பரில் போப் இரண்டாம் ஜான் பால், ஹுஸ்ஸுக்கு இழைக்கப்பட்ட கொடிய மரணத்துக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஜூலை 6 இன்று செக் நாட்டில் தேசிய விடுமுறை. இடிக்கப்பட்டிருந்த பெத்லகேம் ஆலயம் 1950-களில் மீண்டும் கட்டப்பட்டு நிற்கிறது.

நம் மண்ணுக்கும் ஒரு நூல் ஓடுகிறது. 1620-இல் பிராக் அருகே வெள்ளைமலைப் போரில் பொஹீமியப் புராட்டஸ்டண்டுகள் கத்தோலிக்கப் பேரரசரிடம் தோற்றபின் நசுக்கப்பட்ட சகோதரர் ஐக்கியத்தின் வாரிசுகள் 1722-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் தஞ்சம் புகுந்து, 1732 முதல் உலகெங்கும் ஊழியர்களை அனுப்பினார்கள். நிக்கோபார் தீவுகளில் பணியாற்ற டேனிஷ் அரசு அழைத்தபோது, அதற்குத் தளமாக 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாறு பக்கம் குடியேறினார்கள். அவர்கள் இருந்த இடத்துக்குச் சகோதரர் தோட்டம் என்று பெயர். சீகன்பால்கு தொடங்கிய லூத்தரன் மிஷன் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால், புதியவர்களுக்கும் பழையவர்களுக்கும் உரசல் இருந்துகொண்டே இருந்தது. நிக்கோபாரில் காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்த சில ஆண்டுகளில் அவர்கள் தோட்டத்தைக் கைவிட்டுத் திரும்பினார்கள்.